ப்ளஸ் ஒன்று

பெட்டியின் மோட்டாரை அண்ணன் உதைத்தான். முதல் உதைக்கு அது முனகியது. இரண்டாவதுக்குத் திணறியது. மூன்றாவது விழுந்ததும் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

"உள்ள படுத்திருக்கறவருக்கு ஏத்த பெட்டிதான்" என்றாள் அண்ணி, வாசல்படியில் நின்றபடி. "அடிச்சாத்தான் வேலை செய்யுது."

நாற்காலிகளில் இருந்தவர்களில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சித்தப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார். "செத்தவன முன்னாடி வச்சுகிட்டு என்ன பேச்சு இது?"

"இருந்தப்போ பேச விட்டாரா சின்ன மாமா? இப்பத்தான் வாய் திறக்கறோம்."

ஐஸ் பெட்டிக்குள் அப்பா கீழுதட்டைத் துருத்திக்கொண்டு கிடந்தார். எதையோ கேட்டுவிட்டு, பதில் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி. நேற்று மாலை ஆறு மணிக்குப் பால் சூடு பத்தவில்லை என்று தம்ளரைத் தூக்கி எறிந்தார். தம்ளர் சுவரில் மோதி, விழுந்து, உருண்டு ஓய்வதற்குள் போய்விட்டார். எறிந்தது மகள் மேல். அவள் குனிந்துகொண்டாள். ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு நன்றாக வரும் வித்தை அது ஒன்றுதான்.

அவள் அந்த வீட்டின் நடுப்பிள்ளை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக வேலை. அம்மா செத்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவள் கணவர் இதே வீட்டில் ஒன்றரை வருஷம் குடியிருந்தார். மாமனார் அவர் மேல் சைக்கிளைத் தூக்கிப் போட்ட அன்றைக்குப் போனவர்தான். வாதம் வந்து அப்பாவின் வலது கை விழுந்தபோது எல்லாரும் ஒரு மூச்சு விட்டார்கள். மூன்று மாதத்தில் இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டார்.

"மணி மூணு பத்து" என்றான் அண்ணன். "இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம். நாலு அஞ்சுக்கு இறங்கறான். அஞ்சு பத்துக்கு வாசல்ல நிப்பான். அஞ்சரைக்கு தகன மையத்துல நம்ம நேரம். கணக்கு கச்சிதம்."

"நாலு அஞ்சுன்னு எப்படிச் சொல்ற?" என்றார் சித்தப்பா, பத்தாவது தடவையாக.

பத்தாவது தடவையாக அண்ணன் போனை நீட்டினான். தம்பி அனுப்பிய டிக்கெட்டின் படம். மூன்று மூன்று எழுத்தில் இரண்டு விமான நிலையங்கள், நடுவில் ஒரு நீளக் கோடு. இந்தப் பக்கம் 06:10. அந்தப் பக்கம் 15:05. அதை ஒட்டிப் பொடி எழுத்தில் +1.

"காலைல ஆறு பத்துக்கு எடுத்துட்டான். மூணு அஞ்சுக்கு வரணும். ப்ளஸ் ஒண்ணு, ஒரு மணி லேட்டு. லேட்டாகும்னு டிக்கெட்டுலயே அடிச்சுக் குடுத்திருக்கான் பாருங்க, அவன் ஒழுங்கான கம்பெனி."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"பதினாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். அப்பா ஓட்டின ரூட்டுக்கு அறுபத்தேழு ட்ரிப்பு. பத்து மணி நேரத்துல வந்துடறான்."

"அவன் ஏன் அவ்வளவு தூரத்துல போய் உக்காந்தான்னுதான் தெரியல."

"அதுக்கு மேல போனா திரும்பி வர்ற வழியாயிடும் சின்ன மாமா" என்றாள் அண்ணி. "அதான் அங்கேயே நின்னுட்டாரு."

அந்த வீட்டில் +1 என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா முப்பத்தோரு வருஷம் ஒரே ரூட்டில் பஸ் ஓட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். டிப்போவின் கரும்பலகையில் வண்டி நம்பருக்கு எதிரே சாக்பீஸால் எழுதுவார்கள். நேரத்துக்கு வந்தால் ஒரு கோடு. ஒரு மணி தாமதம் என்றால் +1. இரண்டு என்றால் +2. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் டிப்போவுக்கு ஓடிப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, அப்பா கணக்கு முடித்து வருவதற்குள் வீட்டுக்கு ஓடி வருவான். கோடு என்றால் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். ப்ளஸ் ஒன்று என்றால் அம்மாவுக்கு மட்டும் விழும். ப்ளஸ் இரண்டு என்றால், பஸ் எஞ்சினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய ஃபேன் பெல்ட் ஆணியிலிருந்து இறங்கும். கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் உண்டு. "என்னடா இன்னிக்கு?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள். "ப்ளஸ் ரெண்டும்மா" என்பான் அண்ணன், மூச்சிரைக்க. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை ஒளிந்துகொள்ளச் சொல்வாள்.

பலகையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த அண்ணன் பின்னாளில் அதே டிப்போவில் டைம்கீப்பர் ஆனான். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பலகையில் எழுதுகிறவன் அவன்தான்.

"என்ன இருந்தாலும் பெத்த பாசம்" என்றார் சித்தப்பா. "இருபத்திமூணு வருஷம் எட்டிப் பாக்காதவன், அப்பன் மூச்சு நின்னதும் அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றான் பாரு."

தம்பிக்கு நேற்று போன் பண்ணியது அவள்தான். அவன் எதற்கு வருகிறான் என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அப்பா போயிட்டாருடா" என்று சொன்னபோது அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "எத்தன மணிக்கு?"

"ஆறு."

"வலிச்சுதா?"

"தெரியலடா. டக்குன்னு போயிட்டாரு."

"டக்குன்னா" என்றான். குரலில் ஏமாற்றம் இருந்தது. "எடுத்துடாதீங்க க்கா. நான் வர்ற வரைக்கும் வைங்க."

"வர்றியா? நிஜமாவா?"

"ஒரு அறை க்கா. ஒண்ணே ஒண்ணு. அந்த மூஞ்சில. குடுத்துட்டு அடுத்த பிளேன்ல திரும்பிடுவேன்."

"பொணத்தையாடா?"

"உயிரோட இருக்கறப்போ பயமா இருந்துச்சே க்கா."

வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. அதற்குக் காரணம் முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. அன்றைக்குப் பலகையில் ப்ளஸ் இரண்டு. போதாக்குறைக்கு, அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தம்பி சாவி கொடுத்துக் கொடுத்தே உடைத்திருந்தான். அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. அப்பா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் மெதுவாகக் கேட்டார். "எங்கம்மா அவன்? ஒண்ணும் பண்ண மாட்டேன், சொல்லு." அந்தக் குரலுக்காக, அந்த 'அம்மா'வுக்காக, அவள் தாடையைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அசைத்தாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து அவனை ஒரு கையால் தூக்கி, மறு கையால் ஒரே அறை. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வந்தது. டாக்டரிடம் அம்மா, "மாடிப்படில விழுந்துட்டான்" என்றாள். அந்தக் காது அதோடு சரி. பிறகு அப்பாவே அவனுக்குச் செவிடன் என்று பெயர் வைத்தார்.

மூன்று நாற்பதுக்கு அவளுடைய போன் அடித்தது. தம்பியைக் கூட்டிவரப் போயிருந்த டாக்ஸிக்காரர். எதிர்த் தெருக்காரர், ஏர்போர்ட் ஓட்டம்தான் அவருக்குத் தொழில்.

"அக்கா, அந்த மூணு அஞ்சு பிளேனு அப்பவே இறங்கிடுச்சு. எல்லாரும் வெளிய வந்தாச்சு. தம்பி இல்ல."

"ஒரு மணி லேட்டு போட்டிருந்துச்சே."

"லேட்டெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நீங்க அனுப்பின டிக்கெட்ட இப்பத்தான் பெருசு பண்ணிப் பாக்கறேன். அக்கா... இது நாளைக்கு."

"என்னது?"

"ப்ளஸ் ஒண்ணுன்னா மறுநாளு. இன்னிக்குக் கிளம்பி நாளைக்கு இறங்கறாரு. ஆறு பத்துங்கறது அந்த ஊரு மணி. அங்க இப்பத்தான் பொழுது விடியுது."

அவள் போனை முந்தானையில் மறைத்துக்கொண்டு அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி போனது.

"சொல்லு க்கா."

"எங்கடா இருக்க?"

"ஏறி உக்காந்துட்டேன். பெல்ட்டு கூடப் போட்டாச்சு." பெல்ட்டு என்ற சொல்லில் அவனே ஒரு கணம் நின்றான். "ஏன், என்னாச்சு?"

"இப்பத்தான் ஏறினியா?"

"இங்க காலைல மணி ஆறு ஆகப் போகுது. எப்ப ஏறணும்? டிக்கெட்தான் அனுப்பினேனே." அவன் குரல் மாறியது. "எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. எடுத்துட்டீங்கன்னா சொல்லிடு, இறங்கிடறேன். கதவு இன்னும் மூடல. ஒரு பிடி சாம்பலப் பாக்கறதுக்கு இருபத்திமூணு மணி நேரம் என்னால உக்கார முடியாது."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ அறிவித்தது. உட்காருங்கள், மூடுங்கள், அணையுங்கள் என்று சொல்கிற குரல். முன்னறையில் அண்ணன், "அமரர் ஊர்தி அஞ்சுக்கெல்லாம் வந்துடும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"க்கா. இருக்காரா, இல்லையா? நான் இறங்கவா?"

"இருக்காரு" என்றாள். "வா."

போன் அணைந்தது.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். "அண்ணா, அவன் இன்னிக்கு வரல. நாளைக்கு மூணு அஞ்சு."

"யாரு சொன்னது?"

"டாக்ஸிக்காரர். ப்ளஸ் ஒண்ணுன்னா ஒரு நாளாம்."

அண்ணன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "இருபத்தெட்டு வருஷமா போர்டு எழுதறேன். ஒரு டாக்ஸிக்காரன் எனக்கு ப்ளஸ் சொல்லித் தர்றானா?"

"அது பஸ்ஸுண்ணா. இது பிளேனு."

"எதுவா இருந்தா என்ன, மணி மணிதான்! எந்த வண்டி ஒரு நாள் லேட்டா வரும்?"

"ஒரு நாள் லேட்டா வந்தா அத வண்டின்னு சொல்ல மாட்டாங்க, விபத்துன்னு சொல்லுவாங்க" என்றாள் அண்ணி. அப்போதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் அவன்கிட்டயே பேசிட்டேன். இப்பத்தான் ஏறி உக்காந்திருக்கான். நாளைக்கு வந்துடுவான். அதுவரைக்கும் எடுக்கக் கூடாது."

அண்ணனின் முகம் கறுத்தது. நாலு அஞ்சு, நாலு அஞ்சு என்று காலையிலிருந்து அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தான். நேரம் சொல்லித் தப்பினவன் என்ற பெயர் அவனுக்கு இதுவரை வந்ததில்லை.

சித்தப்பா எழுந்தார். "வரேன் வரேன்னு சொல்லி ஏமாத்தறது அவனுக்குப் புதுசா? ஒரு நாளெல்லாம் போட முடியாது. பெட்டியே உதைச்சாத்தான் ஓடுது. வண்டிய இப்பவே வரச் சொல்லு."

"வரச் சொல்றேன்" என்றான் அண்ணன்.

"அண்ணா, எடுக்கக் கூடாதுன்னு சொல்றேன்ல."

"நீ யாருடி சொல்றதுக்கு?"

"சோறு ஊட்டினவ. மலம் வாரினவ. நான்தான் சொல்லணும்."

அவன் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அது இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பெட்டியின் மேல் விழுந்து சறுக்கியது. அவள் நகரவில்லை. பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள். அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். முதுகு சுவரில் மோதி நாட்காட்டி கழன்று விழுந்தது. அவள் திரும்பவும் வந்து அதே இடத்தில் நின்றாள். அப்போது அறைந்தான்.

அது அப்பாவின் அறை. கட்டை விரலை மடக்கி, இடுப்பிலிருந்து கையைச் சுழற்றி, உள்ளங்கையின் அடிப்பாகம் தாடையில் படும்படி. இந்த ஒரு தடவை அவள் குனியவில்லை. உதடு பிளந்து பல்லில் ரத்தம் கரித்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கியபோது அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை ஈரத்தோடு முறுக்கிப் பழகின கை. முறுக்கினாள். அண்ணன் முதலில் "ஏய்" என்றான். பிறகு வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பிறகு முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான். நாற்காலிகள் இழுபட்டன. அண்ணி மட்டும் அசையாமல், நடக்கட்டும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அழறதுக்கு வரலண்ணா" என்றாள் அவள். ரத்தம் தாடையில் வழிந்தது. "அடிக்க வர்றான். அப்பாவ ஒரு அறை அறையணுமாம். அதுக்குத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றான். அத அவன்கிட்டேர்ந்து புடுங்காத."

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி" என்றார் சித்தப்பா. "செத்த பொணத்தை? பெத்த மகன்? இத வெளிய கேட்டா காறித் துப்புவாங்க. டேய், எழுந்திரு. இப்பவே எடுத்தாகணும். அந்தக் கிறுக்குப் பய வந்து சேர்றதுக்குள்ள..."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, வீங்க ஆரம்பித்திருந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தன?"

"என்ன எத்தன?"

"எத்தன அடின்னு சொன்னான்?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்னான்."

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கையை ஊன்றி எழுந்து, நேராகச் சித்தப்பாவிடம் போய், சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். அவர் உளறியதையும் உதறியதையும் கவனிக்காமல் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டான். பின்னாலேயே அவருடைய செருப்பு ஒவ்வொன்றாகத் தெருவில் போய் விழுந்தது. "வேடிக்கை பாத்தீங்களே சித்தப்பா!" என்று கத்தினான். தெரு முழுக்கக் கேட்டது. "பெல்ட்ட எடுத்து அவர் கையில குடுத்துட்டு வேடிக்கை பாத்தீங்களே! இன்னும் ஒரு நாள் பாருங்க, என்ன இப்போ!"

பிறகு உள்ளே வந்து தன் போனை எடுத்தான். டிப்போவில் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"தகன மையமா? அஞ்சரை வேண்டாம்ங்க. நாளைக்கு என்ன இருக்கு? அஞ்சு மணியா? போட்டுக்கங்க... காரணமா? ஒருத்தர் வரணும்."

அண்ணி ஈரத்துணியோடு வந்து அவள் உதட்டை ஒற்றினாள். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்" என்றாள் காதோரம். "இந்தக் கையை முறுக்கலாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லையே."

மறுநாள் டாக்ஸியில் அவளே போனாள். மூன்று ஐம்பதுக்குத் தம்பி வெளியே வந்தான். தோளில் ஒரு பை, வேறொன்றும் இல்லை. தலை முழுக்க நரை. அவளைக் கண்டதும் வேகமாக வந்தவன், உதட்டைப் பார்த்துவிட்டு நின்றான்.

"யாரு? அண்ணனா?"

"கதவுல இடிச்சுகிட்டேன்."

"நம்ம வீட்டுக் கதவுங்களுக்கு மட்டும் கை முளைச்சிருக்கும்" என்றான்.

வண்டியில், கேட்கிற காது அவள் பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான்.

"தூங்கினியாடா?"

"எங்க? முன் சீட்டு முதுகுல ஒரு சின்ன டிவி. அதுல பிளேன் ஊர்ந்து வர்றதையே பாத்துகிட்டு வந்தேன். இன்னும் ஒன்பதாயிரம், இன்னும் நாலாயிரம், இன்னும் முன்னூறுன்னு கொறஞ்சுகிட்டே வந்துச்சு. கொறையக் கொறையப் பயம் ஏறுது. அவரு செத்துட்டாருன்னு தெரியுது, அப்பவும் ஏறுது."

"அவ்வளவு தூரம் போயுமா?"

"தூரம் என்ன க்கா தூரம்? பின்னாடி யாராவது வேகமா நடந்து வந்தா இன்னிக்கும் கையத் தூக்கி மூஞ்சிய மறைக்கறேன். அங்க வேலை செய்யறவங்க சிரிக்கறாங்க. பதினாலாயிரம் கிலோமீட்டர் பத்தல."

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

"தொட்டிக்குப் பின்னாடி நீ இருந்தத நான்தான்டா சொன்னேன்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வேற யாரும் பாக்கலையே."

வண்டி இரண்டு சிக்னல் தாண்டியது.

"அப்படின்னா என்னையும் ஒண்ணு..."

"போக்கா. உனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா நான் எப்ப ஊருக்குத் திரும்பறது?"

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. தம்பி இறங்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்திமூன்று வருஷம். கட்டிக்கொள்ளவும் இல்லை, கை கொடுத்துக்கொள்ளவும் இல்லை.

"நாலரை" என்றான் அண்ணன். "நாலே முக்காலுக்கு எடுத்தாகணும். உனக்குப் பத்து நிமிஷம்."

"போதும்."

அண்ணன் முன்னறைக்குள் போய்க் கையைத் தட்டினான். "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. வெளிய. நீங்களும்தான், எழுந்திருங்க." அறை காலியானது. அண்ணன் ஒரு முனையும் தம்பி ஒரு முனையுமாகப் பிடித்துக் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. நேற்றிலிருந்து அத்தனை பேர் மூச்சு விட்ட அறை புழுங்கியது. அண்ணன் மோட்டாரை அணைத்தான். தம்பியை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, கதவுக்கு முன்னால் காலை அகட்டி நின்றுகொண்டான்.

எல்லார் காதும் கதவில் இருந்தது. அதை அண்ணன் பார்த்தான்.

"வண்டி எங்கய்யா நிக்குது?" என்று திடீரென்று கத்த ஆரம்பித்தான். "யாரு வண்டிய அங்க போடச் சொன்னது? திருப்பு! ரிவர்ஸ் எடு! யாரோட ஸ்கூட்டர் அது, நட்ட நடுவுல? எடுய்யா! ஹாரன் அடி! கேக்கல, இன்னும் அடி!" வண்டிக்காரன் ஒன்றும் புரியாமல் ஹாரனை அழுத்தினான். அண்ணி அவனுடைய ஜன்னலுக்குப் போய், "விடாம அடிங்க அண்ணே, நான் சொல்றப்போ நிறுத்துங்க" என்றாள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை அவன் துடைக்கவில்லை, கத்துவதையும் நிறுத்தவில்லை.

பத்து நிமிஷம் ஆகவில்லை. கதவு உள்ளிருந்து திறந்தது. தம்பி வலது கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ஆச்சா?" என்றான் அண்ணன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

தம்பி அண்ணி பக்கம் திரும்பினான். "குடிக்கத் தண்ணி இருக்கா அண்ணி?" என்றான்.

யாரும் நுழைவதற்கு முன் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூடி இல்லாத பெட்டியில் அப்பா அப்படியேதான் கிடந்தார். கீழுதடு அப்படியே. இரண்டு நாள் ஐஸில் இருந்த முகத்தின் மேல் அறையின் புழுக்கம் பட்டு, நெற்றி, மூக்கு, தாடை எங்கும் பொடிப்பொடியாகத் தண்ணீர் கோத்திருந்தது. இடது கன்னத்தில் மட்டும் இல்லை. அங்கே ஒரு உள்ளங்கையும் நாலு விரலும் உலர்ந்து கிடந்தன. சுண்டுவிரல் காது மடல் வரை போயிருந்தது.

"மணி ஆச்சு" என்று வெளியே அண்ணன் கதவைத் தட்டினான். "தூக்கறவங்க வந்துட்டாங்க."

"ஒரு நிமிஷம் இருங்க."

அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். உள்ளங்கை இருந்த இடத்தில் முதல் துளி முளைத்தது. அப்புறம் இன்னொன்று. விரல்கள் ஒவ்வொன்றாக, ஓரத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தன. கதவை மறுபடியும் தட்டினார்கள். காது மடல் பக்கம் கடைசியாக மிச்சமிருந்த உலர்ந்த கோடும் மறையும் வரை பார்த்துவிட்டு, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, அவள் கதவைத் திறந்தாள்.